சித்பூர் சாலை: மண்ணும் மாளிகையும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நமக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிய ஊருக்குச் சென்றால் முதலில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையையும், பின்னர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், அதன்பின் நம்மவர் கூடும் கோயிலையும் தேடிக்கொள்கிறோம். இம்மூன்றும் அமைந்த வட்டாரமே நமக்கு நகரம் முழுவதும் ஆகிவிடுகிறது. கல்கத்தாவில் அத்தகைய வட்டாரம் நகரின் தென்பால், லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிகாரி அவென்யூவையும் சார்ந்தது. வாழையிலையும் முருங்கைக்காயும் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். தமிழ்ப் பேச்சும் கிடைக்கும். அவ்வட்டாரத்திலேயே பல்லாண்டுகள் அலுவல் பார்த்து, ஓய்வு பெற்று, ஊர் திரும்பியோர் பலர். அவர்களிடம் வடக்கே உள்ள சித்பூர் சாலையைப் பற்றிக் கேட்டால், நெரிசல் மிகுந்த பழைய வீதி என்பதற்கு மேல் விடை வருவது அரிது.

நெரிசல் மிகுந்தது என்பது மெய்யே. ஆயினும், இந்தியாவின் புதிய ஓவியமும், வங்கத்தின் பொது நாடக அரங்கும், மலிவுப் பதிப்பு நூல்களும், உலகறிந்த துர்க்கை மண்படிவங்களும் இந்த ஒரே வீதியையும் அதன் கிளைச் சந்துகளையும் பிறப்பிடமாகவோ வளர்ப்பிடமாகவோ கொண்டவை. ஒரு வீதியில் கலை எவ்வாறு குடியேறுகிறது, எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, எது அற்றுப்போனால் நீங்கிவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடசாலை கிடைப்பது அரிது. நகரத்தின் அரசாங்கப் பெயர் 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா. வீதியின் பெயரும் ரவீந்திர சரணி என்று மாறிவிட்டது. பழகிய பெயர்களையே நாம் இங்கே ஆள்கிறோம்.

இவ்வீதி நகரத்தைவிட மூத்தது. வடக்கே சித்பூரில் சித்தேசுவரி தேவியின் கோயில். தெற்கே காளிகட்டத்தில் காளியின் கோயில். இவ்விரு தேவியரையும் தரிசிக்க யாத்திரிகர் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதையே பிற்காலத்தில் சாலையாயிற்று என்பர். பொறியாளர் நூல் பிடித்துப் போட்ட பாதை அன்று. ஆகவே வளைந்தும் குறுகியும் செல்கிறது. அதன் இருமருங்கும் சுதானுட்டி என்னும் சிற்றூர் இருந்தது. பெயரிலேயே நூல் இருக்கிறது. பருத்தி நூலும் துணியும் கைமாறிய சந்தை அவ்வூர். சேட்டுகள், பசாக்குகள் என்னும் நெசவு வணிகக் குடியினர் அங்கே கம்பெனியார் வருமுன்பே வாணிகம் செய்தனர். 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஜாப் சார்னக் என்பவர் கரையிறங்கியது இச்சுதானுட்டியில்தான். 1698-இல் சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் வரி வசூல் உரிமையைக் கம்பெனியார் பெற்றனர். சார்னக் நகரத்தை நிறுவியவர் அல்லர், நகரத்துக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இல்லை என 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதை தேய்த்த யாத்திரிகர்க்கும் நூல் விற்ற வணிகர்க்கும் தாமதமாகக் கிடைத்த நீதி அது.

1757-இல் பிளாசிப் போர் முடிந்ததும் கம்பெனியார் கோவிந்தபூரில் புதிய கோட்டை எழுப்பினர். அங்கிருந்த குடிகள் அகற்றப்பட்டு, பெரும்பாலோர் வடக்கே சுதானுட்டிப் பக்கம் வந்தேறினர். தொழிலுக்கொரு சேரியாகக் குடிகளைப் பிரித்து அமர்த்தியது அக்காலத்து வழக்கம். சென்னையில் 1734-ஆம் ஆண்டு நெசவாளர்க்கெனக் கம்பெனியார் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்ததை நாம் அறிவோம். நாம் பேட்டை என்பதை வங்காளிகள் தோலா, துலி, பாடா என்கின்றனர். செக்காடுவோர் இருந்த இடம் கலூதோலா. வெண்கலம் தட்டுவோர் இடம் கன்சாரிபாடா. தையற்காரர் இடம் தர்ஜிபாடா. குயவர் இடம் குமார்ட்டுலி. இப்பெயர்களைப் பொருளறிந்து படித்தாலே நகரத்தின் பழைய கணக்குப் புத்தகம் விரிந்துவிடுகிறது. வெளியூரில் வாழும் நாம் அவ்வூர் மொழியைச் சிறிதேனும் கற்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

குயவரும் கன்னாரும் வந்த அதே காலத்தில் செல்வரும் வந்தனர். கம்பெனியாருக்குத் துபாஷிகளாக இருந்தவர்கள், உப்பும் பட்டும் விற்றவர்கள், ஜமீன் வாங்கியவர்கள் ஆகியோர் தூண்கள் நிறைந்த மாளிகைகளை இவ்வீதியருகே எழுப்பினர். சோபாபஜாரில் ராஜா நவகிருஷ்ண தேவ் 1757-இல் தம் மாளிகை முற்றத்தில் துர்க்கை பூசையைத் தொடங்கினார். பிளாசியில் வென்ற கிளைவ் அதற்கு அழைக்கப்பட்டதாகச் சொல்வர். 1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் இத்தகைய செல்வத்துக்கு வேலி கட்டிக்கொடுத்தது. அரசுக்குச் செலுத்தும் தொகை மாறாது. குடியானவனிடம் பெறும் தொகை ஏறலாம். இடையில் நின்ற பணமே சித்பூரின் தூண்களும், இசைக் கச்சேரிகளும், நாடகங்களும், ஓவியங்களும் ஆயிற்று. மாளிகைகளைக் கண்டு வியக்கும்போது இதையும் நினைவில் வைப்பது நலம்.

லால்பஜாரிலிருந்து வடக்கு நோக்கி நடப்போம். முதலில் சித்தாரும் தபேலாவும் செய்து விற்கும் கடைகள். பிறகு நகோதா மசூதி. 1926-இல் கச்சு நாட்டு மேமன் வணிகர் எழுப்பத் தொடங்கியது, ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவில் உள்ள அக்பர் சமாதியைப் பின்பற்றியது. அதன் நிழலில் அத்தர்க் கடைகள். மகாத்மா காந்தி சாலை குறுக்கிடும் இடத்தில் கலியாண ஊர்வலத்துக்குப் பித்தளை வாத்தியம் முழக்குவோரின் கடைகள். சிவப்புச் சட்டையும் பொன்னிறக் குஞ்சமும் கடை முகப்பிலேயே தொங்கும். ஒரு காலத்தில் இக்குறுகிய வீதியில் டிராம் வண்டியும் ஓடிற்று, இன்று இல்லை.

இன்னும் சற்று நடந்தால் ஜொராசாங்கோ. இரட்டைப் பாலம் என்பது அதன் பொருள். ராஜாராம் மோகன் ராய் 1830-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் திறந்துவைத்த பிரம்ம சமாஜ மன்றம் இவ்வீதியில்தான் உள்ளது. அருகே ஒரு சந்தினுள் தாகூர் குடும்பத்தின் மாளிகை. 1784-இல் நீலமணி தாகூர் பாதுரியாகாட்டாவிலிருந்த தம் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்து இங்கே குடியேறினார். அவர் வழிவந்த துவாரகநாதர் வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து வணிகம் நடத்திய கோடீசுவரர்; அவர் மகன் தேவேந்திரநாதர் தத்துவஞானி; அவர் மகன் ரவீந்திரநாதர். 1861 மே 7-இல் அவர் பிறந்ததும், 1941 ஆகஸ்டு 7-இல் மறைந்ததும் இதே வீட்டில். 1962-இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் இங்கே தொடங்கப்பெற்றது. வீடு இன்று காட்சிசாலை. மாடிப்படிகளும் நீண்ட தாழ்வாரங்களும் அப்படியே உள்ளன.

கவியரசரின் வீட்டைக் காணச் செல்வோர் பலர். அதனருகே நின்ற மற்றொரு வீட்டை நினைப்போர் சிலரே. நினைப்பதற்கு அங்கே கல் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதே காரணம். கவியரசரின் வீடு 6-ஆம் எண். நாம் சொல்வது 5-ஆம் எண் வீடு. துவாரகநாதர் விருந்தினரை வரவேற்கக் கட்டிய மாளிகை அது. பின்னர் அவருடைய பேரப்பிள்ளைகளின் கிளைக்கு வந்தது. அதன் தெற்குத் தாழ்வாரத்தில் ககனேந்திரநாதர், சமரேந்திரநாதர், அவனீந்திரநாதர் என்னும் உடன்பிறந்தோர் மூவர் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்து, ஹுக்கா புகைத்துக்கொண்டே வரைந்தும் படித்தும் காலம் கழித்தனர். ஜப்பானிய ஓவியர் தாய்க்கான் 1903-இல் கல்கத்தா வந்தபோது, நீரில் தோய்த்துத் தோய்த்து வண்ணத்தை மங்கச் செய்யும் முறையை அவனீந்திரர் அவரிடம் கண்டறிந்தார். 1905-இல் அவர் தீட்டிய பாரத மாதா, காவியுடையும் நான்கு கரங்களும் கொண்ட ஒரு வங்கப் பெண்ணாக நின்றாள். நந்தலால் போஸ் அவரிடம் பயின்றார்; மைசூரிலிருந்து வந்த வெங்கடப்பாவும் பயின்றார். ஈழத்துத் தமிழ்ப் பெருமகன் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி இக்குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கி, அவர்கள் கலைக்கு உலகறியக் குரல் கொடுத்தார்.

இத்தாழ்வாரத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவை நம்மில் பலர் அறியோம். அவனீந்திரரை மேல்நாட்டு முறையிலிருந்து நம் நாட்டு மரபின்பால் திருப்பியவர் ஹாவல் என்னும் ஆங்கிலேயர். அவர் 1884-இல் இந்தியாவுக்கு வந்தது சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக. தமிழ்நாட்டுக் கைவினைஞரின் திறனை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கண்ட பின்னரே 1896-இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குச் சென்றார். சென்னையில் பயின்ற பாடத்தை ஹாவல் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றார் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. அக்கடனும் பின்னர்த் திரும்பி வந்தது. அவனீந்திரரிடம் ஓவியம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்று, 1957 வரை அங்கே பணிபுரிந்தார். மெரீனாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. 1959-ஆம் ஆண்டு முதல் அங்கே நிற்கிறது. அதே கடற்கரையில் தடியூன்றி நடக்கும் காந்தியடிகளின் சிலையும் அவர் கைவண்ணமே. அவர் மாணவர் பணிக்கர் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்லும் சென்னைவாசி, தன்னை அறியாமலேயே ஜொராசாங்கோவின் தெற்குத் தாழ்வாரத்தின் பக்கமாக நடந்து வருகிறான்.

அத்தாழ்வாரம் இன்று இல்லை. 1940-களில் கடன் சுமையால் வீடு கைமாறிப் பின்னர் இடிக்கப்பட்டது. 1951-இல் மறைந்த அவனீந்திரர் தம் இறுதி ஆண்டுகளை நகருக்கு வடக்கே வேறொரு வீட்டில் கழித்தார். இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று. 1953-இல் மேற்கு வங்கத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் பல மாளிகைகளின் வருவாய் நின்றது. பங்காளிகள் பெருகினர்; பழுது பார்ப்போர் இல்லை. ஆலமரம் வேர்விட்ட சுவர்களையும், பாதி வாடகைக்கும் பாதி வழக்குக்கும் விடப்பட்ட முற்றங்களையும் சித்பூரில் இன்றும் காணலாம். ஜமீன் ஒழிந்தது நீதியே. ஆனால் அதன் நிழலில் வளர்ந்த கலைக்கு வேறு நிழல் எது என்பதை அந்நாளில் யாரும் எண்ணவில்லை.

பணம் உள்ளவரின் முற்றத்திலிருந்து கலை தானாக வெளியேறிய ஒரு நாளும் உண்டு. 1872-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஜொராசாங்கோவில் மதுசூதன் சன்யாலின் வீட்டு முற்றத்தில் இளைஞர் குழு ஒன்று தேசிய நாடக சபை என்ற பெயரில் நாடகம் நடத்தியது. அதற்குமுன் செல்வரின் வீட்டு நாடகத்துக்கு அழைப்பு வேண்டும். இங்கே டிக்கெட்டு வாங்கிய எவரும் அமரலாம். நடித்த நாடகம் நீல தர்ப்பணம். அவுரி பயிரிடும்படி வெள்ளைத் தோட்டக்காரர் குடியானவர்களைக் கொடுமைப்படுத்தியதைச் சொல்வது. உழவனின் பணத்தால் எழுந்த மாளிகை முற்றமொன்றில் உழவனின் துயரம் பொது மக்களின் முன் மேடையேறியது. இதனைச் சித்பூரின் வரலாற்றிலேயே தலையாய இரவு என்று நாம் கருதுகிறோம்.

நாடகத்துக்கு முன்பே புத்தகம் வெளியேறிவிட்டது. சோபாபஜாருக்கு அருகே ஆலமரத்தடி என்ற பொருளில் பட்தலா எனப்படும் பகுதி, 19-ஆம் நூற்றாண்டில் அச்சகங்களால் நிறைந்திருந்தது. வங்க மொழியில் படங்களுடன் வெளிவந்த முதல் அச்சுநூலான அன்னதாமங்கலம் 1816-இல் தோன்றியது. அதன்பின் பட்தலாவில் மரக்கட்டையில் படம் செதுக்கி, மலிவான காகிதத்தில் பஞ்சாங்கம், புராணம், காதற் கதை, கேலி நாடகம் அனைத்தையும் அச்சிட்டுத் தள்ளினர். ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1857-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி கல்கத்தாவில் வங்க நூல் அச்சிட்ட அச்சகங்கள் 46. விற்பனைக்கு வந்த பிரதிகள் 5 லட்சத்துக்கும் மேல். தலைச்சுமையாக வீடுவீடாய் விற்றனர். படித்த பெருமக்கள் பட்தலாப் புத்தகம் என்றால் முகம் சுளித்தனர். நம் சென்னையில் குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களுக்குக் கிடைத்த மரியாதையே அது. இரண்டையும் இன்று ஆராய்ச்சியாளர் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். ஜொராசாங்கோவில் பிறந்த காளி பிரசன்ன சிங்கர், மகாபாரதத்தை வங்க உரைநடையில் வெளியிட்ட அதே கையால், 1862-இல் கல்கத்தா வீதிகளின் பகட்டையும் பித்தலாட்டத்தையும் தெருப்பேச்சிலேயே எழுதி வைத்தார். 30 வயதில் மறைந்த அவர், சித்பூரின் இரு முகங்களையும் ஒருங்கே அறிந்தவர்.

இன்னும் வடக்கே சென்றால் ஜாத்ரா குழுக்களின் அலுவலகங்கள். ஜாத்ரா நம் தெருக்கூத்துக்கு உறவினன். மூன்று பக்கமோ நான்கு பக்கமோ மக்கள் சூழ்ந்திருக்க, உரத்த குரலில் நடிப்பது. சிறு அறையில் ஒரு மேசை, சுவர் நிறைய வண்ண விளம்பரங்கள். கிராமத்திலிருந்து வரும் விழாக் குழுவினர் அங்கேதான் முன்பணம் கொடுத்து நாள் குறித்துச் செல்கின்றனர்.

வீதியின் வடகோடியில், ஆற்றங்கரையை ஒட்டியுள்ளது குமார்ட்டுலி. கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குயவர்கள் முதலில் பானை சட்டி வனைந்தனர். மாளிகைகளில் பூசை பெருகவே படிவம் செய்யலாயினர். 1947-இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்துக் குயவர் பலரும் இங்கே வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் பால் என்னும் குடிப்பெயர் உடையவர். சந்துகள் இரண்டு பேர் அணிவகுத்து நடக்க முடியாத அளவு குறுகியவை. இருபுறமும் தார்ப்பாய் வேய்ந்த கொட்டகைகள். உள்ளே தலையில்லாத தேவியர் வரிசை வரிசையாக நிற்பர்.

அவர்கள் வேலை முறையைச் சற்று விரிவாகக் காண்போம். மூங்கிலாலும் மரத்தாலும் சட்டம் அமைத்து, வைக்கோலைச் சணல் கயிற்றால் வரிந்து கட்டி உடல் சமைக்கின்றனர். ஆற்றில் படகேறி வந்த பசைமிக்க களிமண்ணில் உமி கலந்து முதற்பூச்சு. அது காய்ந்து வெடித்ததும், மணல் கலந்த மென்மண்ணால் இரண்டாம் பூச்சு. வெடிப்புகளின்மேல் மண்ணில் தோய்த்த துணிக் கீற்றுகளை ஒட்டுவர். முகத்தை அச்சில் எடுத்தும், விரல்களைத் தனியே உருட்டியும் பொருத்துவர். பின்னர்ச் சுண்ணவெள்ளை, அதன்மேல் புளியங்கொட்டைப் பசை கலந்த வண்ணம். கூந்தல் சணலால், அணிகலன் நெட்டியால். மகாளய அமாவாசையன்று கண் எழுதுவது மரபு. நம் சிற்பிகள் கண் திறப்பதுபோலவே அதையும் மூத்த கைவினைஞர் தூய்மையோடு செய்வர். படிவத்துக்கான மண்ணில் பொதுமகளிர் இல்லத்து வாசல் மண் ஒரு பிடி சேரவேண்டும் என்பது இன்னொரு மரபு. சமூகம் புறத்தே நிறுத்திய வாசலிலிருந்து தேவியின் உடலுக்கு மண் கேட்கும் இவ்வழக்கத்துக்குப் பண்டிதர் பல விளக்கம் தருவர். எதுவாயினும், அவ்வாசலில் கையேந்தி நிற்பது ஆண்டுக்கொருமுறை கட்டாயமாகிறது.

ஐந்து நாள் பூசை முடிந்ததும் அத்தனையும் ஆற்றில் கரைகிறது. மண்பிள்ளையாரைக் கிணற்றில் விடும் நமக்கு இது புதிதன்று. நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுப் பொம்மைகள் பரணிலிருந்து இறங்கி மீண்டும் பரணேறும் அதே நாட்களில், இவர்கள் பொம்மை நீரில் இறங்கித் திரும்புவதில்லை. மூங்கிற் சட்டம் மட்டும் மிதக்கும். அதைக் கரைசேர்த்து அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வர்.

கற்றூண் மாளிகை சரிய, கரைந்துபோகும் மண்ணைத் தொழிலாகக் கொண்ட சந்து நிலைத்தது எவ்வாறு? பொருள் கொடுப்பவர் மாறியதே விடை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் துர்க்கை பூசை ஜமீன்தாரின் முற்றத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது; வட்டாரத்தார் வீட்டுக்கு வீடு பணம் திரட்டிப் பந்தல் போட்டனர். ஒரு பிரபுவுக்குப் பதில் ஆயிரம் சிறுதொகைக்காரர். கலைஞரும் அதற்கேற்ப மாறினர். 1924-இல் லண்டனை அடுத்த வெம்பிளிப் பொருட்காட்சிக்குச் சென்று பார்த்தோரை வியக்கவைத்த கோபேசுவர பால், 1930-களில் ஒரே பின்திரையில் ஒட்டி நின்ற தேவியையும் மக்களையும் தனித்தனி உருவங்களாகப் பிரித்து நிறுத்தினார். முதியோர் முணுமுணுத்தனர், மக்கள் ஏற்றனர். இன்று பெண்களும் பட்டறைத் தலைவிகளாக உள்ளனர். கண்ணாடியிழையால் செய்த படிவங்கள் கடல் கடந்தும் செல்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் கல்கத்தாவின் துர்க்கை பூசையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புகழ் சேர்ந்ததே தவிர, கொட்டகை மாறவில்லை. மழைக் காலத்தில் கூரை ஒழுகும். காயாத மண்ணை அடுப்பனலால் உலர்த்துவர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பழைய கொட்டகைகளை அகற்றி மாடிக் கட்டிடங்கள் எழுப்ப அரசாங்கம் திட்டமிட்டது; சிலர் தற்காலிக இடத்துக்கும் பெயர்ந்தனர். மறுத்தோரும் உண்டு. பதினைந்து அடித் தேவியை மாடியிலிருந்து எப்படி இறக்குவது, ஆறு எட்டிப்போனால் மண்ணும் படிவமும் எப்படிச் செல்லும் என்று அவர்கள் கேட்டனர். திட்டம் நின்றுபோயிற்று. ஒழுகும் கூரையை அழகென்று படம்பிடிக்கும் பார்வையாளரோடு நாம் உடன்படுவதற்கில்லை. கலைஞனுக்கும் காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் வேண்டும். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தராத கட்டிடம் 5-ஆம் எண் வீட்டைப்போல இன்னொரு வெற்றிடத்தையே உண்டாக்கும்.

அங்கே செல்ல விரும்பும் நம்மவர் பூசை நெருங்கும் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கைவினைஞர்க்கு அப்பொழுது மூச்சுவிட நேரமிராது. ஆனி ஆடியில் வரும் ரத யாத்திரை நாளே ஏற்ற நாள். அன்று குமார்ட்டுலியில் புதுச் சட்டத்துக்குப் பூசை செய்து அவ்வாண்டு வேலையைத் தொடங்குவர். அதே நாளில், சாலையில் சற்றுத் தெற்கே, ஜாத்ரா குழுக்கள் பூமாலை கட்டிய மேசைகளின் பின்னே அமர்ந்து, கிராமத்தாரிடம் முதல் முன்பணத்தை வாங்கிப் புதுக் கணக்கேட்டில் எழுதுவர்.